கழிப்பறைக்குள் சிமெண்ட்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி ஆயா. பொருத்தமான பெயர்தான். அந்தத் தொடக்கப்பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? ஒழுகுகிற ஓடு, ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, காற்று மட்டும் வருகிற குழாய். போதாக்குறைக்கு ஒரு கழிப்பறை. ரிப்பன் வெட்டித் திறந்த வாரமே அதற்குப் பூட்டு விழுந்தது. வகுப்பறை கட்ட வந்த சிமெண்ட் மூட்டைகள் அங்கேதான் குடியிருந்தன. ஹெட்மாஸ்டர் தன் வீட்டுக்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். மூட்டைகள் ஒவ்வொன்றாக அங்கே போய்ச் சேர்ந்தன. பிள்ளைகள் மதில் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

ஆயாவும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான். சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற பையன்களுக்குப் பயந்தே நாலாம் வகுப்போடு நின்றவள். இப்போது அவள் மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டாள். போன மாதம் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாள்.

"இனிமே நான் போகமாட்டேம்மா" என்று இன்று காலை அழுதாள்.

"இன்னைக்கு ஒரு நாள் வாடி. பெரிய அதிகாரி வர்றாரு. கழிப்பறையைப் பத்தி அவர்கிட்டயே கேட்டுடறேன்."

அதிகாரி வந்தார். டீயும் சோடாவும் மாறி மாறி ஊற்றி உபசரித்தார் ஹெட்மாஸ்டர். சற்று நேரத்தில் அதிகாரி நெளிந்தார். "பாத்ரூம் எங்க சார்?"

ஹெட்மாஸ்டர் திருதிருவென விழித்தார். "அது... சாவி தொலைஞ்சிடுச்சு சார்."

"தொலையல சார், இந்தா இருக்கு" என்று இடுப்பிலிருந்து சாவியை உருவினாள் ஆயா. யாரும் தடுப்பதற்குள் ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்துவைத்தாள். மாட்டினான் திருடன் என்று அவள் மனசு குளிர்ந்தது.

அதிகாரி மூட்டைகளைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் அவர் காதைக் கடித்தார். அதிகாரி கதவைத் தன் கையாலேயே சாத்தினார். பிறகு சுவருக்குப் பின்னால் போய்விட்டு வந்தார்.

"கழிப்பறைதான் இருக்கே. அப்புறம் என்ன குறை?" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "ஆயா, கை கழுவத் தண்ணி ஊத்து."

த்தூ, இவனும் ஒரு அதிகாரியா! ஆயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டாள். அவர் நீட்டிய கைகளைத் தாண்டிப்போய், வாசலில் நின்ற மகளிடம் கொடுத்தாள்.

"குடிடி. வயிறு முட்டக் குடி. அம்மா உள்ள இடம் பண்றேன்."

புடவையைச் செருகிக்கொண்டு கழிப்பறைக்குள் நுழைந்தாள்.

"ஏய், உன் வேலை போயிடும்!" என்று கத்தினார் ஹெட்மாஸ்டர்.

"போகட்டும் சார். என் படிப்பே இங்கதான் போச்சு. இவளோடது போகாது."

முதல் மூட்டையைத் தரதரவென இழுத்து வந்து அதிகாரியின் காலடியில் போட்டாள். பளபளத்த அவர் ஷூ வெளுத்துப்போனது. அவள் அடுத்த மூட்டைக்குத் திரும்பினாள்.