ஆடும் முன்பே தூக்கிய கோப்பை

காயாத மஞ்சள் மைக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புதுப் பேப்பரும் கலந்தது மாதிரி... பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். நேற்று மொபைலில் கால்பந்து உலகக் கோப்பை நாக் அவுட் அட்டவணையைப் பார்த்ததும் அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது.

பல வருடம் முன்னால் ஒரு உலகக் கோப்பை நேரம், நான் திருத்தங்கலில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஆபரேட்டர். என் சிநேகிதன் ஜாபருக்குச் சிவகாசியில் வேறொரு பிரஸ். இரண்டு பேருக்கும் வீடு விருதுநகர். தினமும் அவன் பைக்கில்தான் போவோம், வருவோம்.

வெளிநாட்டுப் பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. சட்டையின் நிறம்தான் டீம். நான் சிவப்பு, அவன் மஞ்சள். வழி முழுக்க இந்தச் சண்டைதான். சண்டை இல்லாத நாளில் தூரம் ஜாஸ்தியாகத் தெரியும்.

காலிறுதிகூட முடியாத நேரம். ஒரு காலையில் உள்ளே போனால் ஒரு கேரளா பார்ட்டி ஆர்டர் கொடுத்த போஸ்டர் லோடு கட்டிங்குக்கு வந்து கிடக்கிறது. மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால் என்ன... மஞ்சள் சட்டைக்காரர்கள் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இறுதிப் போட்டி இன்னும் ஆடவே இல்லை, அதற்குள் கோப்பையா?

முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"வெளிய மூச்சு விட்றாத. பார்ட்டி கண்டிசனா சொல்லிருக்காக."

அவ்வளவுதான்... அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். ரெப்ரி வாட்சைப் பார்த்தால் சந்தேகம். கோச் வாயைப் பொத்திக்கொண்டு பேசினால் சந்தேகம். காலிறுதியில் எதிர் டீம் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து மஞ்சளுக்கு ஒரு கோல் கிடைத்தது. காய்ந்த புல்லில் எவனாவது வழுக்குவானா?

அரையிறுதியில் சிவப்பும் மஞ்சளும் மோதுவது என்று ஆனது. வேறு நேரமாக இருந்தால் ஜாபர் குதித்திருப்பான். அன்றைக்கு உம்மென்று வண்டி ஓட்டினான். ஆமத்தூர் தாண்டியதும், திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்.

"ஒங்க செவப்புதாம்லே ஜெயிக்கும்."

மஞ்சள் வெறியன் வாயிலிருந்து இந்தப் பேச்சா? பயலுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னைக் கேலி பண்ணுகிறான். இப்படித்தான் என் புத்தி போனது.

மறுநாள் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். அதற்கடுத்த நாளும் பஸ்தான். பட்டாசு கம்பெனிக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே நின்றபடி ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஜாபரின் பைக் பக்கத்திலேயே வருகிறது. பின் சீட் காலி. அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருடப் பழக்கம் ஒரு போஸ்டரில் முடிந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

மேட்ச் பார்ப்பதென்றால் ஜாபரின் மாமா வைத்திருந்த வத்தல் கமிஷன் கடைதான். அங்கே உட்கார்ந்தால் ஒரு வசதி... கண்ணில் தண்ணீர் வந்தால் மிளகாய் நெடியா, வருத்தமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அரையிறுதி அன்று சாயங்காலம் அவன் ஒரு மூட்டை மேல், நான் எட்டத்தில் ஒரு மூட்டை மேல்.

இரண்டாம் பாதியில் மஞ்சளுக்கு ஒரு பெனால்டி கொடுத்தான் ரெப்ரி. என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"எதுக்குலே இந்த நாடகம்? அதான் முன்னாடியே அடிச்சு வச்சிட்டாகளே."

"என்னத்த அடிச்சு வச்சாக?"

"போஸ்டர். ஒங்க மஞ்ச கப்பத் தூக்கிட்டு நிக்கானுக. என் கையாலதான் வெட்டுனேன்."

ஜாபர் மூட்டையிலிருந்து இறங்கி வந்து என் முகத்தையே பார்த்தான்.

"ஏலே... எங்க பிரஸ்ல செவப்புல்லா தூக்கிட்டு நிக்கானுக. நீ தெரிஞ்சுக்கிட்டுதான் என்னைய ஒதுக்குதேன்னு நெனச்சேன். எனக்குச் சோறு எறங்கலலே."

வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்த மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜெயித்த பிறகு அச்சடித்தால் கேரளாக்காரன் மறுநாள் விடிய எப்படி ஒட்டுவான், அதனால் மிஞ்சியிருக்கிற டீம் அத்தனைக்கும் பிரஸ்ஸுக்கு ஒன்றாகக் கொடுத்திருப்பான், தேர்தலுக்கு நீங்கள் இரண்டு கட்சிக்கும் வெற்றி போஸ்டர் அடிப்பதில்லையா என்று கேட்டார். ஆடிப் பெருக்கன்றே அடுத்த வருடக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் போடுகிற ஊரில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். எங்களுக்கு இது உறைக்கவில்லை!

சிரித்துச் சிரித்து இரண்டு பேருமே அந்தப் பெனால்டியைப் பார்க்கவில்லை. அது கோல் ஆனது. மஞ்சள் ஜெயித்தது. இறுதிப் போட்டியில் நீலச் சட்டையிடம் தோற்றும் போனது. இரண்டு பிரஸ்ஸின் போஸ்டரும் வேஸ்ட் பேப்பராகக் கட்டுக் கட்டாக ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிக்குழாய் சுற்றப் போய்ச் சேர்ந்தன. தீபாவளியன்று தெருவில் கிடந்த வெடிக் காகிதத்தில், கோப்பையைப் பிடித்தபடி ஒரு மஞ்சள் சட்டைக் கை மட்டும் எங்கள் வாசலில் கிடந்தது. ஜாபரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது விசில் ஊதிய மறு நிமிடம் ஜெயித்தவன் படம் போனுக்கு வந்துவிடுகிறது. யாரும் முன்கூட்டி அடித்து வைக்க வேண்டியதில்லை. ஜாபர் துபாயில் இருக்கிறான். என்னிடம் சொந்த பைக் இருக்கிறது, பின் சீட்டில்தான் ஆளில்லை. எம்புட்டுப் பெரிய டிவியில் பார்த்தாலும், அவன் இல்லாமல் மேட்ச் ருசிக்கவில்லை.

நேற்று அவனுக்கு மெசேஜ் போட்டேன், இந்தத் தடவை யார் ஜெயிப்பார்கள் என்று. வாய்ஸ் நோட் வந்தது.

"ஒங்க செவப்புதாம்லே."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டேன்... பயலுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.