சாய்ந்து நின்ற வத்தை

மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் வீடு. என் அக்காள் புருஷன் தனியாகக் கடலுக்குப் போன சின்ன மரப்படகு, எங்கள் பக்கத்தில் வத்தை என்போம், மூன்றாம் நாள் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. இரண்டு வருஷமாகியும் அக்காள் தாலியைக் கழற்றவில்லை. அவருக்கும் சேர்த்தே சோறு வடித்தாள்.

எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு நான் சும்மா இருந்த கோடை அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வத்தையைச் சரிசெய்து வெளியூர்க்காரர் யாருக்காவது, பிடிக்கிற மீனில் பங்கு பேசி, வாரத்துக்கு விட்டால் அவளுக்கு வயிற்றுப்பாடு ஓடும். இன்னொருவர் அதில் போவதைப் பார்த்தால் மச்சான் இல்லை என்று மனமும் ஏற்கும். அப்படித்தான் நினைத்தேன்.

இற்றுப்போன பலகைகளை மாற்றினேன். இடுக்குகளில் பஞ்சு திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசினேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று குறை சொன்னார்கள்.

“தச்சு வேலையும் புஸ்தகத்துல போட்ருக்கானா மாப்ளே?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆளை விட்டுட்டு வந்த வத்தை. வெறகுக்குக்கூட நாங்க தொடமாட்டோம்” என்றார்.

ஒரு காலையில் அக்காளும் நானும் உருளைக்கட்டை போட்டுத் தண்ணீரில் தள்ளினோம். ஒழுகவில்லை. ஆனால் யாரும் ஏறாத வத்தை இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

“படிச்சவரு ஒட்டுன லட்சணம்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

கரையேற்றிக் கயிறு பிடித்து அளந்தேன். இரண்டு பக்கமும் விரற்கடை வித்தியாசமில்லை. மறுநாள் மிதக்கவிட்டு வலப்பக்கம் ஒரு கல் வைத்தேன், நேராக நின்றது. சாப்பிட்டு வந்தபோது கல் கரை மணலில் கிடந்தது. அக்காள் இடுப்பளவு தண்ணீரில் வத்தையின் இடப்பக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆளு ஒக்காந்திருக்கையில கல்லு எதுக்குடா தம்பி? அவுக எப்பவும் இங்கிட்டுத்தான ஒக்காருவாக.”

அவள் நினைப்பு தப்பு என்று காட்ட நானே ஏறித் துடுப்புப் போட்டேன். நடுவில் உட்கார்ந்தால் சாய்ந்தது. வலப்பக்கம் நகர்ந்ததும் நேரானது. காற்றில்லை, அலையில்லை. எதிரே வெறும் பலகை. பயத்தில் இன்னும் விளிம்புக்கு ஒதுங்கினேன். என் பாரத்துக்கு வலப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். தாழவில்லை. என்னோடு கூடவே எதிரில் யாரோ தள்ளி உட்கார்ந்தது போலிருந்தது.

கரைக்கு வந்ததும் அக்காள் என் முகத்தையே பார்த்தாள்.

“தனியாவா போயிட்டு வந்த?”

ஆமாம் என்று சொல்லத்தான் ஏறிப் போனேன். திரும்பி அந்த இடப்பக்கத்துப் பலகையைப் பார்த்தேன்.

“அப்ப வாரத்துக்குன்னு யாருகிட்டயும் சொல்லிராத” என்று கயிற்றை வாங்கி அவளே கட்டினாள்.