கோபத்தை நோட்டில் எழுதிக்கொண்ட ஏஜென்ட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மதுக்கரையிலிருந்து மகள் போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"ஏனுங்கப்பா, தம்பி கல்யாணத்துல இணைச்சீருக்கு வேற ஆளப் பாத்துட்டீங்களாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் அக்காவோ தங்கையோ சீர்க்கூடையோடு நின்றால்தான் கல்யாணம். அதுதான் இணைச்சீர். சொந்த அக்கா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறு ஆளை யார் பார்ப்பார்கள்?

ஏஜென்ட் பார்த்திருக்கிறது!

கல்யாண வேலைக்கென்று மகன் என் போனில் ஒரு ஏஐ ஏஜென்ட்டைப் போட்டுக் கொடுத்திருந்தான். சமையல்காரரை விரட்டும், சொந்தபந்தங்களுக்கு மெசேஜ் அனுப்பும். ஒவ்வொரு வேலை முடிந்ததும், கற்றுக்கொண்டதை ஒரு நோட்டில் எழுதிவைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நம் சொந்தக்காரர்களில் யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டா?

நோட்டைத் திறந்தேன். "மகள் திருமணத்துக்கு வரமாட்டார். தந்தை உறுதி செய்தார்."

நானா? ஆமாம்... நானேதான். ரெண்டு மாதம் முன்னால், மண்டபத்தில் பார்க்கிங் இல்லையென்று அவள் குறை சொல்ல, நான் எகிற, போனை வைத்த சூட்டோடு, "அவ வரமாட்டா, லிஸ்ட்டுல இருந்து தூக்கிப்போடு" என்று இதனிடம் சொல்லித் தொலைத்திருக்கிறேன். மறுநாளே நாங்கள் சமாதானம். அதை யார் இதனிடம் சொன்னது? வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொண்டது. சொன்னவன் அப்போது இருந்த இருப்பு அதற்குத் தெரியாது. சிங்காநல்லூரில் இருக்கும் என் தம்பி மகளுக்கு மெசேஜ் போய்விட்டது — "இணைச்சீருக்கு நீங்கள் நிற்க முடியுமா?" அவள் நேரே என் மகளையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

ஏஜென்ட்டை வாங்கு வாங்கென்று வாங்கினேன். மன்னிப்புக் கேட்டது. பழைய குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியது: "இவர் கோபத்தில் சொல்வதை உடனே செய்யக் கூடாது. மறுநாள் கேட்டு உறுதி செய்யவும்."

எட்டிப் பார்த்த மனைவி சிரித்தாள். "முப்பது வருசமா நான் இதத்தானுங்க செஞ்சுட்டு இருக்கறேன்."

மாலையே ரெண்டு பேரும் மதுக்கரை போனோம். கதவைத் திறந்த மகள் ஒரு 'வாங்க' சொல்லவில்லை.

"மெஷின் தப்புப் பண்ணிப்போட்டுது அம்மணி."

"மெஷின் தானாச் சொல்லுச்சுங்களாப்பா?"

"இல்ல கண்ணு... நாந்தான் சொன்னேன்."

உள்ளே போய்க் காபியோடு வந்தாள். "கூடைய நாந்தானுங்க எடுப்பேன். ஆனா, மண்டபத்துல பார்க்கிங் இல்லைங்கறதையும் அந்த நோட்டுல எழுதிக்கச் சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாளைக்குக் கோபப்பட்டுக்கொள்ளலாம் என்று காபியைக் குடித்தேன்.