ஒரே சாக்கில் ஆறு அடுக்கு

கிடங்குப் பொறுப்பாளரே, காளியம்மாவின் நிலத்தை நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள். அதில் கால்கூட வைக்காமல்.

போன வாரம் நடந்தது. ஜவ்வாது மலையில் தோண்டி எடுத்த பானை ஓடுகளைப் பார்க்கத் தொல்லியல் துறைக் கிடங்குக்குப் போனேன். அறிக்கையில் கடைசி அத்தியாயம் பாக்கி. என் துணிப்பைகள் இருந்த அலமாரியைக் காணோம். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள்! பைகள் எங்கே என்றேன். பொறுப்பாளர் மூலையில் கிடந்த ஒரு சாக்கைக் காட்டினார்.

"ஒண்ணையும் வீசலைங்க மேடம். எல்லாம் ஒரே செவப்பு ஓடுதானே... ஒண்ணா கொட்டி பத்திரமா கட்டி வெச்சிட்டேன்."

பெருமையாக வேறு சொன்னார்.

நிலத்தை அடுக்கு அடுக்காகத் தோண்டுவோம். மேலே இருப்பது புதுசு, அடியில் இருப்பது பழசு. ஒவ்வோர் அடுக்கின் ஓடுகளையும் தனிப்பையில் போட்டுச் சீட்டுக் கட்டுவோம். சீட்டு போனால் அது குப்பைமேட்டு ஓடு. அவ்வளவுதான்.

இருபது வருடமாக எனக்கு இதுதான் வேலை — பல்லவர், சோழர் காலத்துச் சமையல் பானைகள். சங்க காலத்து ஓட்டில் நாலு எழுத்து கிடைத்தால் டிவிக்காரர்கள் வருவார்கள். நடுகல் கிடைத்தால் மாலை போட்டு போட்டோ எடுப்பார்கள். கரி பிடித்த பானை அடிக்கு யார் வருவார்? சாப்பிடாமலா அந்த வீரன் சண்டைக்குப் போனான்?

பல்லவர், சோழர் காலத்தில் இந்த மலையில் யாரும் நிலையாகக் குடியிருக்கவில்லை, வேட்டைக்கு வந்து போனார்கள் என்று கருத்தரங்குகளில் அடித்துப் பேசுவார்கள். காளியம்மாவின் சாமைக் கொல்லையில் ஆறு அடுக்கு தோண்டினோம். நாலாவதில் மெழுகிய மண்தரை, ஓர் அடுப்பு, சுற்றிலும் கரி பிடித்த ஓடுகள். வேட்டைக்கு வந்தவன் தரை மெழுகிவிட்டா போவான்?

அந்த ஓடுகள்தான் இப்போது மற்ற ஐந்து அடுக்கோடு சாக்கில் கிடக்கின்றன.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, உட்புறத்தில் மையால் அடுக்கு எண்ணை எழுத வேண்டும். பானை விளிம்புகளுக்கு எழுதினேன். காலத்தைச் சொல்வது விளிம்புதான். கரி பிடித்த அடிப்பாகங்களுக்கு அப்புறம் எழுதலாம் என்று விட்டேன். மழை வந்தது, கேம்ப்பைக் கலைத்தோம்... எங்கள் துறையில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு. அதனால் தப்பில்லை என்றாகிவிடுமா?

மறுநாள் திருப்பத்தூரில் பஸ் பிடித்து மலை ஏறினேன். எங்களுக்காக ஒரு போகம் விதைக்காமல் விட்டவர் காளியம்மா. அவரிடம் போனில் சொல்லக் கூடாது. கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டார்.

"இன்னா மேடம், படிச்சவங்கதானே நீங்க? எங்க வூட்ல சாமை, கேவுரு, கொள்ளு எல்லா வெதையும் தனித்தனியா கட்டி வெச்சிருக்கோம். யாராச்சும் ஒண்ணா கொட்டுவாங்களா?"



ஒரு வழி மட்டும் மிச்சம். குழிகளுக்கு நடுவே ஒரு மண்சுவரைத் தோண்டாமல் விட்டுவைப்பது எங்கள் வழக்கம். மூடிய மண்ணுக்கடியில் அது இன்னும் நிற்கிறது. அந்த அடுப்பில் பாதி அதற்குள்தான். அதைப் பிரித்தால் அடுக்குகள் மறுபடி கிடைக்கும். ஆனால் கொல்லை இன்னொரு போகம் சும்மா கிடக்க வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

காளியம்மா களைக்கொட்டைக் கீழே வைத்தார்.

"கொல்லைய தர்றேன். அந்த ஆளு எங்க கிராம சபைக்கு வந்து, இன்னாத்துக்கு கொட்டுனேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். நீங்களும் பக்கத்துல நின்னு உங்க தப்ப சொல்லுங்க. அப்பறம் நோண்டுங்க."

நியாயம்தானே? நான் நிற்பேன். இந்த முறை நகத்தளவு ஓட்டுக்கும் எண் எழுதாமல் மலை இறங்க மாட்டேன்.

பொறுப்பாளரே, காளியம்மா சொன்னதைப் போனில் உங்களிடம் சொன்னேன். கடிதம் கொடுங்கள், பார்க்கலாம் என்றீர்கள். கடிதமெல்லாம் கிடையாது. அடுத்த கிராம சபைக்கு மலை ஏறி வாருங்கள். நாலு நாற்காலி போடவா ஆறு அடுக்கையும் கொட்டினீர்கள்? காளியம்மாவின் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.