பழவேற்காட்டில் நான் போட்ட கூச்சல்

எழுபதுகளின் ஆரம்பம். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பட்டறையைத் திறப்பதும் பூட்டுவதும் என் பொறுப்பு. பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி பாதி வழியில் அதே சந்தேகம். என் சுபாவமே அப்படி. அது தெரிந்துதான் முதலாளியின் தம்பி என்னைப் பழவேற்காட்டுக்குத் துணையாக அழைத்துப்போனார்.

அவரைச் சின்ன முதலாளி என்போம். என் வயசுதான் இருக்கும். பினாங்கில் அவருக்குத் தாய்மாமன் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவு எடுத்துக்கொண்டு மெட்ராஸிலிருந்து பயணிகள் கப்பலில் போய் வருவார். மற்றவர்கள் கப்பலில் போனால் சீட்டு ஆடுவார்கள், வாந்தி எடுப்பார்கள், வரும்போது புடவையும் டிரான்சிஸ்டரும் வாங்கி வருவார்கள். இவர் கப்பலில் சிநேகமான ஒரு வெள்ளைக்காரரிடம் கடலுக்கு அடியில் முங்கக் கற்றுக்கொண்டு வந்தார். கப்பல் துறையில் நிற்கும் நாட்களில் அந்த ஆள் இவரைப் பக்கத்துத் தீவுக்கு அழைத்துப்போய்ப் பழக்கினாராம். அடுத்த வருஷம் போனவர், முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று சிலிண்டர், முகத்துக்குக் கண்ணாடி, வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்பு என்று மொத்த சாமானோடும் வந்து இறங்கினார். அப்புறம் கப்பல் பயணம் என்றாலே அவருக்கு முங்குவதுதான். மாமனைப் பார்ப்பதெல்லாம் சாக்கு.

“மீனு நம்மள பாத்து ஓடாதுய்யா. கிட்ட வந்து, இன்னா விஷயம்னு விசாரிச்சிட்டுப் போவும்” என்பார். சாப்பாட்டு வேளையில் வாயைப் பிளந்து கேட்போம்.

கப்பல் ஏறுவதற்கு முந்தைய மாதங்களில், பழக்கம் விட்டுப் போகாமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு போவார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறி வரும் நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருக்கும். அப்போது இறங்குவார். சிலிண்டரில் காற்று நிரப்பிக் கொடுத்த மெட்ராஸ் துறைமுகத்து ஆட்கள் ஒரு கண்டிப்பு சொல்லியிருந்தார்கள். கலங்கல் தண்ணீரில் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது. அந்தக் கயிற்றை மேலே ஒருத்தன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“நீ வாய்யா” என்றார் என்னிடம். “மத்தவன்லாம் பீடிய பத்த வெச்சிக்கினு எங்கியாவது வேடிக்கை பாப்பான். நீ கண்ணக் கூட சிமிட்ட மாட்டே.”

என் பயத்துக்கு ஒருத்தர் மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது.

ஏற்பாடு சுலபம். நான் ஒரு தரம் இழுத்தால், நலமா என்று அர்த்தம். அவர் ஒரு தரம் இழுத்தால், நலம். விடாமல் இழுத்தால், தூக்கு. படகை ஒரு கழியில் கட்டிவிட்டு அவர் இறங்கிவிடுவார். நான் படகில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருப்பேன். மேலே வரும் காற்றுக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு குமிழி வர நேரமானால் போதும், இழுப்பேன். பதில் வரும். நிம்மதி. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் கூட நிற்காது. மறுபடி இழுப்பேன்.

ஒரு தடவை மேலே வந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏன்யா, ஒரு நண்டு வளைய உட்டு அப்பத்தான் தலைய நீட்டுது. அத்த பாக்கலாம்னு குனிஞ்சா, நீ இழுக்கறே. உனக்குப் பதிலு சொல்றதுக்குள்ள அது உள்ள பூடுது. நான் கீழ போறது நண்டப் பாக்கவா, உனக்கு ஆஜர் சொல்லவா?”

“இனிமே இழுக்க மாட்டேன் சார்” என்றேன். சொன்னது வாய். கை கேட்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அவர் இறங்கி நெடுநேரம் ஆகியிருந்தது. ஏறி வந்த தண்ணீர் நின்று, கடலை நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தது. கொஞ்ச தூரத்தில் மீன்காரர்கள் சிலர் இரண்டு படகில் வந்து, ஏற்கெனவே நட்டிருந்த கழிகளில் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வெளியே ஓடும்போது இறால் அதோடு வந்து வலையில் விழும். அதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று வேகமாக வேலை நடந்தது.

காற்றும் கிளம்பியது. தண்ணீர் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாகிவிட்டது. குமிழிகள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். இல்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்தேன். கயிறு விறைத்துக்கொண்டு நின்றது, ஒரு சாண் கூட வரவில்லை.

அப்புறம் நான் போட்ட கூச்சலை என்னால் மறக்க முடியவில்லை.

“ஐயோ, நான் செத்தேன்! நான் மாட்டிக்கினேன்! என்னக் காப்பாத்துங்க!”

மீன்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சின்ன முதலாளி அங்கே முங்குவதை அவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். தண்ணீர் வெளியே ஓடும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் அடியில் மாட்டிய ஆள் கடலுக்குப் போய்விடுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. பாதி கட்டிய வலையை அப்படியே கையிலிருந்து விட்டுவிட்டு, ஒரு படகைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். வந்த வேகத்தில் குதித்தார்கள். சிவப்புத் துண்டு கட்டியிருந்தவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். மேலே வரும்போது தோளில் ரத்தம். அடியில் இருந்த பழைய கழியில் ஒட்டியிருந்த கிளிஞ்சல் கிழித்திருந்தது.

“கவுறு கழில கட்டிகீது. ஆளு இல்ல!” என்றார். மறுபடி முங்கினார்கள். கண் சிவக்கச் சிவக்க முங்கினார்கள்.

அப்போது சின்ன முதலாளி கரையோரமாகத் தண்ணீரிலிருந்து எழுந்தார். வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, “இன்னாய்யா கூட்டம்?” என்றார்.

சிவப்புத் துண்டுக்காரர் பாய்ந்தார். “யோவ், எவனாவது கவுத்த அவுப்பானா? பட்ச்சவன்தானே நீ?”

சின்ன முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. “தப்புதான்” என்றார். பிறகு மெல்ல, “நிமிஷத்துக்கு ஒரு தரம் இழுக்கறாரு. கீழ ஒண்ணுத்தையும் பாக்க முடியல. கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கலாம்னு கழில கட்டிட்டு நவுந்தேன்” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இறால் அள்ளக் கூடையோடு கரையில் நின்றிருந்த ஒரு பெண், அந்தச் சிவப்புத் துண்டுக்காரரின் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

“உள்ள கீறவரு அவுரு. ‘நான் செத்தேன், நான் செத்தேன்’னு கூவுனது இவுரு. யாரத் தேடறதுன்னே தெரியாம நம்மாளுங்க முங்குறாங்க!”

சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பேச்சு எனக்குள் இறங்கிவிட்டது. கயிறு விறைத்து நின்ற நேரத்தில் என் மனசில் ஓடியது சின்ன முதலாளியின் முகம் இல்லை. பெரிய முதலாளி என்னைக் கேட்கப்போகும் கேள்வி, போலீஸ், பட்டறையில் என்னைப் பற்றிப் பேசப்போவது, இவைதான். தண்ணீருக்கடியில் ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறான் என்று நம்பிக்கொண்டு, நான் எனக்காக அழுதிருக்கிறேன்.

அதற்குள் வலை ஒரு பக்கம் அவிழ்ந்து, ஓட்டத்தில் இழுபட்டு, எங்கோ அடியில் சிக்கிக்கொண்டிருந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, “நாளைக்குப் போட்டுக்கலாமே அண்ணே” என்றேன்.

“நாளிக்கு எங்க பாடு இல்ல நைனா” என்றார் சிவப்புத் துண்டுக்காரர். இந்த இடத்தில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்று அவர்களுக்குள் முறை உண்டு, அதற்குப் பெயர்தான் பாடு என்று விளக்கினார். இன்றைக்கு இவர்கள் கூட்டத்தின் முறை. நாளைக்கு வேறு கூட்டம். எல்லோருக்கும் சுற்றி வந்த பிறகுதான் மறுபடி இவர்களுக்கு.

“விஷயத்தச் சொல்லி அவங்கள ஒரு நாளு உட்டுத் தரச் சொன்னா?” என்றேன்.

“அத்த எப்படிக் கேக்கறது? அவன் ஊட்ல அடுப்பு எரிய வேணாமா?”

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிலிண்டரில் இன்னும் காற்று இருந்தது. சின்ன முதலாளி, தானே இறங்கிச் சிக்கை எடுத்து வலையை விடுவிப்பதாகச் சொன்னார். இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள். வழக்கம்போல நான் கையை நீட்டினேன். மறுமுனை என் கைக்கு வந்தும்விட்டது. சிவப்புத் துண்டுக்காரர் என் விரல்களைப் பிரித்து அதை வாங்கிக்கொண்டார். அதட்டவில்லை. தூங்குகிற குழந்தை கையிலிருந்து பொருளை எடுப்பதுபோல எடுத்தார்.

“நீ ஒக்காரு நைனா. ரொம்ப பேஜாரு பட்டுட்டே.”

நான் படகின் மூலையில் உட்கார்ந்தேன். வலை வந்து சேர்ந்தது, இரண்டு மூன்று இடத்தில் கிழிந்து. அதற்குள் தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது. இறால் போன வழி போயிருந்தது. அந்தப் பெண் காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். போகிற போக்கில் அவர் புருஷனின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மஞ்சா வெக்கணும், சீக்கிரம் வா” என்றார்.

பொன்னேரி வழியாக வண்டியில் திரும்பும்போது சின்ன முதலாளி, “தப்பு எம்மேலயும் கீதுய்யா. மனசுல வெச்சிக்காதே” என்றார். அடுத்த ஞாயிறு நான் எப்போதும்போலப் பட்டறை வாசலில் போய் நின்றேன். வண்டியில் என் இடத்தில் வெல்டிங் பிரிவு ஆள் உட்கார்ந்திருந்தார். வண்டி என்னைத் தாண்டும்போது சின்ன முதலாளி கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அந்த வருஷமும் கப்பலில் போய் முங்கிவிட்டு வந்தார். வந்து எனக்கும் முன்போலவே மீன் கதை சொன்னார். அவர் கண்ணைப் பார்த்துக் கேட்க என்னால் முடியவில்லை.

இப்போதும் வீட்டில் யாராவது வர நேரமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். பார்க்கிறவர்கள் அதைப் பாசம் என்கிறார்கள். அந்தப் பாசத்தில் எவ்வளவு அவர்களுக்காக, எவ்வளவு பின்னால் என் மேல் பழி வந்துவிடக் கூடாதே என்பதற்காக என்று எனக்குள் கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்கும் பதில் எனக்குத் தெரிந்ததுதான். அதனால் யாராவது என்னை அக்கறையுள்ள மனுஷன் என்று சொன்னால், இத்தனை வயசுக்குப் பிறகும் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.