பச்சையாகிப்போன வெள்ளைச்சாமி

பாலக்கரையில் ஜெஸிமாவின் கடைக்குப் பெரிய போர்டு கிடையாது. கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள் அங்கே போவதில்லை. செத்தவர் படம் வேண்டுமென்றால்தான் தேடி வருவார்கள். கறுப்பு வெள்ளையில் அவள் போட்டால் முகத்தில் உயிர் நிற்கும் என்று வையம்பட்டி வரைக்கும் பேச்சு. கணவர் ஹலீம் குவைத்தில். கடை மொத்தமும் அவள் பொறுப்பு. யாருக்கும் பயப்படாதவள். அவளே பயந்தது மயிலம்மாள் வந்த அன்றுதான்.

மயிலம்மாள் சட்டம் போட்ட படத்தை மேஜையில் வைத்தாள்.

"என் வீட்டுக்காரரு மூஞ்சியப் பாரு தாயி. பாசி புடிச்சாப்ல இருக்கு. அவரு ஆத்மா அடங்கலன்னு ஊருல பேசுறாளுங்க."

வெள்ளைச்சாமியின் முகம் பச்சையாகியிருந்தது.

காரணம் ஜெஸிமாவுக்குத் தெரியும். கருமாதிக்குப் படம் வேண்டுமென்று அவசரப்படுத்தினார்கள். அந்த வாரம் பிரிண்டரில் கரி மை தீர்ந்திருந்தது. கலர் மைகளைக் கலந்து கறுப்பைக் கொண்டுவந்தாள். அன்றைக்குப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் கரி மை தலைமுறைக்கு நிற்கும். கலர் மையில் சிவப்பு சீக்கிரம் ஓடிவிடும், பச்சை மிஞ்சும். தெரிந்தும், "பேரப்புள்ள காலத்துக்கும் இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

"பழைய சின்னப் படம் இருக்குல்ல பெரியம்மா? அத வெச்சு இப்பவே புதுசா போட்டுத் தரேன்."

"அதுக்கு எங்க போவேன்? பெரிய படம்தான் வந்துடுச்சேன்னு அம்மா மண்டபம் படித்துறைல அஸ்தியோட சேத்து காவேரில விட்டுட்டோமே."

கடையின் பழைய கம்ப்யூட்டர் போன மழையில் நனைந்து செத்தது. அதிலிருந்ததும் போச்சு. ஆக, வெள்ளைச்சாமி என்ற மனிதனுக்கு மிச்சமிருந்தது இந்தப் பச்சை முகம் ஒன்றுதான். அதுவும் நாளுக்கு நாள் வெளுக்கிறது.

சட்டத்தைக் கழற்றினாள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் சந்தனம் வைத்ததில் தண்ணீர் உள்ளே இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். இடது காது பொருக்காக உதிர்ந்தது.

"யா அல்லாஹ்!"

"என்னடி பண்ணுன?" மயிலம்மாள் எழுந்துவிட்டாள்.

இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் கண் போயிருக்கும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தாள். வெளிச்சம் நகர்ந்தது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று வாய்க்குள் ஓதிக்கொண்டு நின்றாள்.

திரையில் படத்தை நிறம் நிறமாகப் பிரித்தாள். ஒன்றில் முகம் புகை. இன்னொன்றில் மூக்கே இல்லை. மூன்றாவதில் புருவம், மீசை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் இருந்தன.

"இந்தப் பக்கத்துக் காத எடுத்து அந்தப் பக்கம் திருப்பி வெச்சுடவா?"

"வேணாம். அந்தக் காது அவருக்கு என்னைக்குக் கேட்டுச்சு? நான் கத்துனதெல்லாம் வீணு. போனாப் போவுது."

அந்த மூன்றாவதிலிருந்து, ஒற்றைக் காதோடு, கரி மையில் படம் வந்தது. மை விஷயத்தை ஜெஸிமா மறைக்காமல் சொன்னாள். மயிலம்மாள் திட்டவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"அந்த வாரம் வேற யாருக்குப் போட்ட?"

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு கைக்குழந்தைக்கு. அதற்கு இருந்ததே ஒரு படம். பார்க்கத் தாங்கவில்லை என்று தகப்பன் போனில் இருந்ததை இவள் கண்முன்னாலேயே அழித்தான்.

ஜெஸிமா ஷட்டரை இறக்கிவிட்டுப் பொன்மலை பஸ் பிடித்தாள். குவார்ட்டர்ஸ் கதவுக்கு முன்னால் நின்றபோது கை எழவில்லை. உள்ளே ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள்.

தட்டினாள்.