உள்ளே பூட்டிய கிரில்

போன வருஷம் தீபாவளி முடிந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், மலேசியாவின் கிள்ளானில் நான் தனியாகக் குடியிருக்கும் பிளாட்டின் சமையலறைத் தரையில் நடந்தது இது.

அதற்கு முந்தைய கதையைச் சொன்னால்தான் புரியும். நான் லோரி ஓட்டிப் பிழைத்தவன். மனைவி காலமாகிவிட்டாள், ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். ஒருநாள் கேஸ் தோங்கை, அந்த சிலிண்டரைத்தான், கொஞ்சம் நகர்த்தப் போனேன். முதுகுக்குள் ஏதோ நொறுங்கிய மாதிரி இருந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்புப்புரை என்றார். எலும்பு உள்ளுக்குள் மெலிந்து ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிட்டதாம்.

“அது பொம்பளைங்களுக்கு வர்றதுதானே டாக்டர்?” என்று கேட்டேன். “ஆம்பளைக்கும் வரும்” என்றார்.

அன்றைக்குப் பிடித்தது பயம். விழுந்தால் உடையும், உடைந்தால் கிடக்க வேண்டும், கிடந்தால் யாருக்குத் தெரியும்? நாற்காலியை விட்டு எழுவதே குறைந்துபோனது. வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டிருப்பேன், பார்ப்பதற்கல்ல. மகன் போனில், “இன்னொரு வாட்டி ஏதாச்சும் ஆச்சுன்னா முதியோர் ஹோம்ல சேர்த்துடுவேன்பா, கோவிச்சுக்காதீங்க” என்றான். அவன் மேல் தப்பில்லை. ஆனால் என் மனைவி கடைசியாகச் சமைத்த அடுப்பு இருக்கிற வீட்டை விட்டு நான் எங்கே போவேன்?

டாக்டர் பிசியோவுக்கு அனுப்பினார். உள்ளே நுழைந்தால் அத்தனையும் ஆன்டிகள். அதில் ஒருத்தர் கேட்டார்:

“என்னா அங்கிள், வைஃபக் கூட்டிட்டு வந்தீங்களா?”

“இல்லம்மா, எனக்குத்தான்.”

“அப்படிப் போடுங்க! நம்ம கட்சிக்கும் ஒரு ஆம்பளை கெடைச்சாச்சு லா!”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

பயிற்சி கொடுத்தது என் மகன் வயதுப் பெண். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, குனியும்போது முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்குவது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினாள். “சும்மா உக்காந்திருந்தா எலும்பு இன்னும் மெலியும் அங்கிள். வேலை குடுத்தாத்தான் அது நம்மகூட நிக்கும்” என்பாள். இப்படி நறுக்கென்ற பேச்சென்றால் எனக்கு உயிர். அந்த வரியை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் பாயை விரித்து, “படுங்க, விழுந்தா எழுந்திரிக்கறது எப்படின்னு பழகலாம்” என்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

“நான் ஏம்மா விழப்போறேன்?”

“சரி, லோரியில எப்படி ஏறுவீங்க, சொல்லுங்க.”

“மொதல்ல கைப்பிடியைப் புடிக்கணும். அப்புறம் படியில ஒரு காலு. அதுக்கப்புறந்தான் உடம்பு.”

“அதேதான் அங்கிள். நாற்காலிதான் உங்க லோரி.”

இனி சமையலறைக்கு வருகிறேன். ஜன்னல் வழியே அடித்த சாரலில் தரை ஈரம். தேநீர் போடப் போனவன் வழுக்கி விழுந்தேன். போன் ஹாலில் கிடந்தது. வாசல் கிரில்லுக்கு உள்ளே மாங்கா பூட்டு, தொங்கு பூட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம். சாவி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில். எங்கள் பக்கத்தில் காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்தாலும், திருட்டுப் பயத்தில் கிரில்லைப் பகலிலும் இப்படித்தான் பூட்டிக்கொள்வோம். பூட்டும்போது என்னையும் சேர்த்துப் பூட்டுகிறேன் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கத்தினேன். மழைச் சத்தம். மறுபடியும் கத்தினேன். எதிர்வீட்டுச் சீன ஆன்டி ஓடிவந்து கிரில்லைப் பிடித்து ஆட்டினார். இத்தனை வருஷத்தில் நாங்கள் தலையாட்டிக்கொண்டதோடு சரி. “அங்கிள், புக்கா லா!” என்று, திறக்கச் சொல்லிக் கூவினார். அவர் இருக்கிற இடத்திலிருந்து என் கால் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டு கிரில்லை அறுக்கட்டுமா என்று கேட்டார். அறுத்தால் ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் வந்தால் ஹோம். கொஞ்சம் பொறுங்கள் என்று மலாயில் சொன்னேன்.

அசையாமல் கிடந்து, எங்காவது குத்துகிறதா என்று உடம்பைக் கேட்டேன். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. முதுகும் சொல்லவில்லை. பக்கவாட்டில் புரண்டேன். முழங்கை, பிறகு முழங்கால். தவழ்ந்து நாற்காலியைப் பிடித்தேன். கைப்பிடி. ஒரு கால். அதற்கப்புறம் உடம்பு.

நின்றுவிட்டேன். சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். “பாத்தியா?” என்று கேட்பதற்கு அங்கே யாருமில்லை. விழுந்ததை விட அதுதான் எனக்கு வலித்தது.

பூட்டைத் திறந்ததும் ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். மலாயில் திட்டு விழுந்தது: “பேங்க் மாதிரி பூட்டி வெச்சிருக்கே, உள்ள என்னா இருக்கு? ஒரு கெழவன்தானே!” எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

மகனிடம் மறைக்கவில்லை. “விழுந்தேன். நானே எழுந்துட்டேன்” என்றேன். “சரிப்பா, அந்தக் கிளாசை மட்டும் விட்டுறாதீங்க” என்றான். ஹோம் பேச்சை எடுக்கவில்லை.

இன்றும் மாலையில் வீடு அதே அமைதியோடுதான் இருக்கிறது, டிவியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கம்பிக்குள் கைவிட்டுத் திறக்க, மாங்கா பூட்டின் இன்னொரு சாவி எதிர்வீட்டு ஆணியில் தொங்குகிறது. எழுந்து நிற்க என் கால்களுக்கு ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். எழுந்தேனா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதை அந்த ஈரத்தரைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.